அச்சமும் அச்சநோயும்: ஆயர் அறிய வேண்டிய குறிகள்

அஞ்சுகிறவர்களைத் தேற்றுவது ஆயர்பணியின் தொன்மையான கடமைகளுள் ஒன்று. நோயுற்றோர் படுக்கையருகிலும், இழவு வீட்டிலும், தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்காக மன்றாடும்போதும் நாம் இக்கடமையையே செய்கிறோம். ஆயினும் அஞ்சுகிறவர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். சிலருடைய அச்சம் ஓர் ஆறுதல் மொழியினாலும் ஒரு மன்றாட்டினாலும் தணிகிறது. வேறு சிலருடைய அச்சமோ எவ்வளவு தேற்றினும் தணிவதில்லை. தம் அச்சம் அளவுக்கு மிஞ்சியது என்பதை அவர்களே பெரும்பாலும் அறிவர். அறிந்தும் விடுபட இயலாது தவிப்பர். இவ்விரண்டாம் நிலையையே மருத்துவ நூலார் போபியா என்பர். தமிழில் இதனை அச்சநோய் எனலாம்.

இவ்வேறுபாட்டை உணராத ஆயர் நல்லெண்ணத்தோடேயே தீங்கு விளைவித்துவிடக் கூடும். நோயாயிருப்பதை அவிசுவாசம் என்று கருதிக் கடிந்துகொண்டால், வந்தவர் அச்சத்தோடு குற்றவுணர்வையும் சுமந்து திரும்புகிறார். அடுத்த முறை அவர் வருவதில்லை. ஆகவே அச்சநோயின் இயல்பையும் குறிகளையும், தரங்கம்பாடிக் கரையின் பட்டறிவைத் துணைக்கொண்டு, இங்கு ஆராய்வோம்.

1. அச்சம் தன்னளவில் தீதன்று

முதலாவது நாம் மனங்கொள்ள வேண்டியது, அச்சம் படைப்பின் ஒழுங்கிலேயே அமைந்த ஒன்று என்பதாகும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை எண்ணுகிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவர் என்னும் நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் காட்டுகிறார். வள்ளுவரும் 428ஆம் குறளில், அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருப்பதை அறியாமையின் பாற்படுத்துகிறார். நம் முன்னோர் அச்சத்தை இழிவென்று ஒதுக்கிவிடவில்லை. அஞ்சத் தக்கது எது என்றே ஆராய்ந்தனர்.

காவிரிப் படுகையில் நாற்றங்காலுக்கு இருட்டில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் உழவர் கையில் விளக்கும் கோலும் எடுத்துச் செல்கிறார். பாம்பைக் குறித்த அச்சமே அவரைக் காக்கிறது. இடர் தோன்றியவுடன் மூளையின் அமிக்டலா என்னும் பகுதி உடலை விழிப்புறச் செய்கிறது. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகங்கொள்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிறது. இடர் நீங்கியபின் யாவும் அடங்கிவிடும். இது நலமான அச்சம்.

2. அச்சநோய் யாது?

இடர் இல்லாதபோதும், அல்லது இடர் மிகச் சிறியதாயிருக்கும்போதும், அதே கிளர்ச்சி முழு வலிமையோடு எழுவதும், அதற்கு அஞ்சி ஒருவர் தம் வாழ்வையே சுருக்கிக்கொள்வதும் அச்சநோயாகும். மேற்கூறிய உழவரோடு, பாம்பின் படத்தைக் கண்டாலே நடுங்குபவரையும், பாம்பு இருக்கலாம் என்று பகலிலும் கொல்லைப்புறம் செல்லாதவரையும் ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு விளங்கும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பு அச்சநோயை மூன்றாக வகுத்தது; அப்பகுப்பே சிற்சில மாற்றங்களோடு இன்றும் வழங்குகிறது.

முதலாவது, குறித்த பொருளையோ சூழலையோ பற்றிய அச்சம். விலங்கு, உயரம், நீர், இடி, மூடிய அறை, ஊசி, குருதி முதலியன இதில் அடங்கும். இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்குகிறது.

இரண்டாவது, பிறர் முன்னிலையில் தோன்றும் அச்சம். பிறர் தம்மை நோக்கி எள்ளி நகைப்பரோ என்று பேசவும் உண்ணவும் எழுதவும் அஞ்சுவது இது. பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தலைகாட்டுகிறது.

மூன்றாவது, தப்பிச் செல்லவோ உதவி பெறவோ இயலாது எனத் தோன்றும் இடங்களைப் பற்றிய அச்சம். கூட்டம், கடைத்தெரு, பேருந்து, பாலம், தனிவழி ஆகியவற்றை இவர்கள் அஞ்சுவர். செருமானிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் 1871இல் இதற்கு அகோராபோபியா எனப் பெயரிட்டார். முற்றிய நிலையில் இவர்கள் வீட்டை விட்டே வெளியேறார்.

3. குறிகள்

அச்சநோயின் குறிகளை உடல், மனம், ஒழுகலாறு என மூவகையாகக் காணலாம்.

உடற்குறிகள்: நெஞ்சு படபடத்தல், வியர்த்தல், கைகால் நடுக்கம், மூச்சுத் திணறல், நா வறட்சி, வயிற்றுக் கலக்கம், தலைசுற்றல். குருதியையும் ஊசியையும் அஞ்சுவோரிடம் மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. ஏனையோருக்கு இரத்த அழுத்தம் உயர, இவர்களுக்கோ முதலில் சற்றே உயர்ந்து பின் சட்டென்று தாழ்கிறது. ஆதலால் மயங்கி விழுகின்றனர்.

மனக்குறிகள்: செத்துவிடுவேன், பைத்தியம் பிடித்துவிடும் என்னும் எண்ணம் அந்நேரத்தில் மேலோங்கும். அஞ்சிய பொருள் எதிர்ப்படுவதற்குப் பல நாள் முன்னரே அதனை எண்ணிக் கலங்குவர்.

ஒழுகலாற்றின் குறிகள்: இவையே ஆயருக்கு முதன்மையானவை. அஞ்சியதை விலக்குதல், சுற்றுவழியில் செல்லுதல், துணையின்றி வெளியேறாமை, சாக்குக் கூறுதல், குடித்துவிட்டு எதிர்கொள்ளுதல் ஆகியன இவற்றுள் அடங்கும். குழந்தைகள் தம் அச்சத்தை எடுத்துரைக்க அறியார். அழுவதும், ஒட்டிக்கொள்வதும், உறைந்து நிற்பதும், முரண்டு பிடிப்பதுமே அவர்கள் காட்டும் குறிகள்.

அச்சத்தின் அளவைக் கொண்டு மட்டும் நோயை முடிவு செய்யலாகாது. அந்த அச்சத்தினால் வாழ்வு எவ்வளவு சுருங்கிற்று என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். மேற்கூறிய நூலின் 2013ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு, பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, வேலையையும் உறவையும் கெடுக்கும் அச்சத்தையே நோயாகக் கொள்கிறது.

இக்குறிகளை நம் சபைகளில் தேடினால் கிடைக்கும். எப்போதும் கடைசி வரிசையில் வாசலோரமாக அமர்ந்து, ஆலயம் நிறையும் திருநாள்களில் மட்டும் வராதிருப்பவர்; திருவிருந்து நாளில் கை நடுங்குவதைப் பிறர் காண்பரோ என்று பீடத்தண்டை வந்து முழந்தாளிடாமலேயே போய்விடுபவர்; நல்ல கல்வியிருந்தும் பாடம் வாசிக்க அழைத்தால் ஒவ்வொரு முறையும் தொண்டைக் கட்டு என்பவர்; உடன்பிறந்தவரைக் காணவும் மருத்துவமனைக்குள் நுழையாதவர். இவர்களைப் பக்திக் குறைவுள்ளவர், செருக்குள்ளவர், பாசமற்றவர் என்று தீர்ப்பிடுவது எளிது. காரணத்தைத் தனிமையில் கனிவாகக் கேட்டறிவதே ஆயருக்கு அழகு. இறையியல் மாணவரிடையேயும் பிரசங்க பீடத்தை எண்ணி வாரமெல்லாம் உறக்கமிழப்போர் உண்டு என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது.

4. அச்சநோய் வேரூன்றும் வகை

ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் 1920இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளெலியை அஞ்சாத ஒரு குழந்தைக்கு, எலியைக் காட்டும்போதெல்லாம் பேரொலி எழுப்பி, எலியைக் கண்டாலே அழும்படி செய்தனர். இன்று எவரும் ஒப்பாத கொடிய ஆய்வு அது. எனினும் அச்சம் கற்றுக்கொள்ளப்படக்கூடியது என்பதைக் காட்டிற்று. 1980களில் சூசன் மினெக்காவும் அவர்தம் துணைவரும், பாம்பையே கண்டிராத குரங்குகள், பிற குரங்குகள் பாம்புக்கு அஞ்சுவதைக் கண்டே அவ்வச்சத்தைக் கற்றுக்கொள்வதைக் காட்டினர். தாயின் முகத்தைக் கண்டு குழந்தை அஞ்சக் கற்பதும் இவ்வாறே.

கற்ற அச்சம் ஏன் மறைவதில்லை? 1947இல் ஹோபர்ட் மௌரர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அஞ்சியதை விலக்கியவுடன் நெஞ்சம் ஆறுகிறது. அந்த ஆறுதலே, மீண்டும் விலக்கு என்று கற்பிக்கிறது. அஞ்சியபடி ஒன்றும் நேரவில்லை என்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுவதேயில்லை. விலக்க விலக்க அச்சம் வளர்கிறது. நோயைத் தீர்ப்பது போலத் தோன்றும் செயலே நோய்க்கு உணவாகிறது.

5. தரங்கம்பாடிக் கரையில்

தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் சொல். 1706இல் சீகன்பால்க்கும் புளூட்சோவும் வந்திறங்கிய இக்கரையில், 1718இல் அருட்பொழிவு செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம் கடலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே நிற்கிறது. மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டதையும் இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கண்டுள்ளனர். கடலின் வலிமை இவர்களுக்குப் புதிதன்று.

எனினும் 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஞாயிறு காலை, சுமத்திராவுக்கு அப்பால் நேர்ந்த நில அதிர்ச்சியால் எழுந்த ஆழிப்பேரலை எவரும் கண்டிராதது. அப்போது தரங்கம்பாடி அடங்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அந்நாளுக்குப்பின் கரையோர மக்கள் கடலை அஞ்சினர். நான்கே நாள் கழித்து, டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் பேரலை வரக்கூடும் என்ற அரசு எச்சரிக்கையைக் கேட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக ஓடினர். அலை வரவில்லை, ஆயினும் அவ்வச்சத்தை நோய் என்று எவரும் கூறார். 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு மையம் அமைந்தபின், 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவில் மீண்டும் பெரும் அதிர்ச்சி நேர்ந்தபோது தமிழகக் கடற்கரையிலிருந்து மக்கள் உள்ளே சென்றதும் அறிவுடைமையே.

அப்படியானால் நோய் எங்கே தொடங்குகிறது? எடுத்துக்காட்டாக, மீன் விற்று வாழும் இரு பெண்களை எண்ணுவோம். முதலாமவர் கரையை விட்டு உள்ளே கட்டிய புதிய குடியிருப்புக்குச் சென்றுவிட்டார். புயற்செய்தி கேட்டால் உறங்கார். ஆயினும் விடியலில் ஏலத்திற்குக் கரைக்கு வந்து, கூடையை நிரப்பிக்கொண்டு செல்கிறார். இவருடையது நினைவோடு கூடிய எச்சரிக்கை.

இரண்டாமவர் முதலில் கரைக்கு வருவதை நிறுத்தினார். பிறர் வாங்கி வந்த மீனை விற்றார். பின்னர் மீன் வாடையே கடலை நினைப்பூட்டிற்று, வாணிபத்தை விட்டார். பின்னர்க் கீழ்த்திசைச் சன்னலை அடைத்தார். பின்னர் அலையோசை கேட்கும் தெருவில் நடப்பதை விட்டார். அத்தெருவில்தான் ஆலயமும் இருக்கிறது. இறுதியில், ஆராதனைக்கு வராதவர் என்ற பெயரும் அவரைச் சேர்ந்தது. ஒவ்வொரு படியும் அவருக்கு அன்றைய அமைதியைத் தந்தது. ஒவ்வொரு படியும் அவருடைய உலகை ஒரு முழம் குறைத்தது. இவருடையதே அச்சநோய்.

இங்கு மற்றொரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். அந்நாளின் காட்சி நனவிலும் கனவிலும் மீண்டும் மீண்டும் எழுவதும், உணர்வுகள் மரத்துப்போவதும், சிறு ஓசைக்கும் திடுக்கிடுவதும், பற்றியிருந்த பிள்ளையின் கை நழுவியதே என்று தன்னைத்தானே குற்றப்படுத்துவதும் காணப்பட்டால், அது வெறும் அச்சநோய் அன்று. பேரிடர் உள்ளத்தில் விட்டுச்சென்ற காயம். அதற்குரிய பண்டுவம் வேறு. பேரலைக்குப்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊர்த் தொண்டர்களுக்கு உளநல ஆதரவுப் பயிற்சி அளித்ததன் நோக்கம், துயருற்றோருக்கு அருகிலிருந்தே துணை செய்வதும், மருத்துவ உதவி வேண்டுவோரை இனங்காண்பதும் ஆகும்.

ஆண்டுகள் பல கடந்தன. இனி எதற்கு இப்பேச்சு என்று எண்ணலாகாது. அன்று சிறு குழந்தையாயிருந்தவர் இன்று பெற்றோர். தாயின் முகத்திலிருந்து பிள்ளை அச்சத்தைக் கற்கும் என்று மேலே கண்டோம். பேரலையைக் காணாத தலைமுறையும் அதன் அச்சத்தை மட்டும் பெற்றுக்கொள்ளக்கூடும்.

6. திருமறையைக் கையாளும் முறை

அஞ்சுகிறவர்மேல் நாம் பெரும்பாலும் எறியும் திருமறைப் பகுதிகள் இரண்டு: 2 தீமோத்தேயு 1:7, 1 யோவான் 4:18. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டிடத்தும் பயம் என்னும் ஒரே சொல் நிற்பதால், இரண்டும் ஒன்றையே கூறுவதாக எண்ணுகிறோம். கிரேக்க மூலத்திலோ முதலாவதில் தெய்லியா என்றும் இரண்டாவதில் போபொஸ் என்றும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. தெய்லியா என்பது கோழைமை, கடமையினின்று பின்வாங்குதல். அடுத்த வசனமே ஆண்டவருக்குச் சான்று பகர வெட்கப்படாதிருக்கும்படி கூறுவதால், பவுல் பேசுவது ஊழியரின் துணிவைப் பற்றியே என்பது தெளிவு. யோவானின் நிருபமோ நியாயத்தீர்ப்பு நாளையும் தண்டனையையும் பற்றிய அச்சத்தைக் குறிக்கிறது. கடவுளின் அன்பை அறிந்தவன் அத்தீர்ப்புக்கு நடுங்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். போபியா என்னும் மருத்துவச் சொல் போபொஸ் என்பதிலிருந்தே பிறந்ததாயினும், இவ்விரு பகுதிகளும் அந்நோயைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே அச்சநோயுற்றவரிடம் அன்பு குறைவு என்றோ, தீய ஆவி பற்றியது என்றோ இவற்றைக் காட்டித் தீர்ப்புக் கூறுவது திருமறைக்கும் இழைக்கும் அநீதி.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் புயலை அடக்கிய நிகழ்ச்சியும் கருதத்தக்கது. ஆண்டவர் சீடரின் கோழைமையைக் கடிந்தது உண்மையே. ஆயினும் எங்கிருந்து கடிந்தார்? கரையில் நின்றன்று, அவர்களோடு அதே படகில் இருந்துகொண்டு. அதிலும், காற்றை அமர்த்தியபின்னரே அவர்களிடம் பேசினார். அடுத்த வசனத்தில் சீடர் மிகவும் அஞ்சினர் என்று மீண்டும் கூறப்படுகிறது. அவ்விடத்தில் நிற்பது போபொஸ். அவ்வச்சம் இறைவனின் வல்லமைமுன் தோன்றிய நடுக்கம்; அதனை அவர் கடியவில்லை.

7. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, கேட்க வேண்டும். எதற்கு அஞ்சுகிறீர், அதனால் எவற்றை விட்டுவிட்டீர் என்னும் இரு வினாக்கள் போதும். இரண்டாம் வினாவுக்கு வரும் விடையே நோயைக் காட்டும். நகைக்கவும் வேண்டாம், நாலு பேர் முன் நமக்குத் தெரிந்ததை வெளியிடவும் வேண்டாம்.

இரண்டாவது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தைராய்டு சுரப்பு மிகுதலும், நெஞ்சத் துடிப்பின் ஒழுங்கின்மையும் இத்தகைய படபடப்பைத் தோற்றுவிக்கும். ஆதலால் முதலில் உடற்சோதனை தேவை. பின்னர் மனநல மருத்துவர். 2022 அக்டோபர் 10ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிப் பணியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உறக்க மாத்திரையைத் தாமே வாங்கி உண்பதும், மதுவால் அச்சத்தை அடக்குவதும் அடிமைப்படுத்தும் என்று எச்சரிக்க வேண்டும்.

நம் நாட்டில் குழந்தை மிரண்டால் பயந்த கோளாறு என்று மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் வழக்கம். கயிற்றை அறுத்த நம்மவருள் சிலர், அதற்கு ஈடாகப் பேயோட்டும் ஜெபத்தை வைத்துக்கொண்டனர். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டது எந்த ஒரு சமயத்தார்க்கும் மட்டும் உரிய பழியன்று. நோயை நோயென்று ஏற்க மறுக்கும் அனைவர்க்கும் அது எச்சரிக்கை.

மூன்றாவது, உடன் நடக்க வேண்டும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலை அஞ்சிய ஒரு சிறுவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும்போது முயலை நாள்தோறும் சிறிது சிறிதாக அருகில் கொணர்ந்து, அவன் அச்சத்தை நீக்கினார். 1958இல் ஜோசப் வோல்ப்பி இவ்வழியை ஒரு மருத்துவ முறையாக வகுத்தார். அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொள்வதே இன்றளவும் இந்நோய்க்குச் சிறந்த பண்டுவம். ஏனைய இரு வகைகளில் மருந்தும் பயன் தரும். குறித்த பொருளைப் பற்றிய அச்சத்திற்கு இம்முறையே முதன்மையானது.

மேலே கூறிய இரண்டாம் பெண்ணுக்கு மருத்துவர் இதனை வகுத்தால், அதன் படிகள் இவ்வாறு அமையலாம்: முதல் வாரம் நகர வாயில் வரை, அடுத்து ஆலய வாசல், அடுத்துக் கோட்டைக்கு முன்னுள்ள வெளி, அடுத்து மணல், இறுதியில் ஈரமணல். ஒவ்வொரு படியிலும் அச்சம் எழுந்து தானே தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பாதியில் ஓடினால் அச்சமே வெல்லும். எந்தப் படியை எப்போது ஏறுவது என்பது அவருடைய இசைவைப் பொறுத்தது. திடீரென்று இழுத்துச் சென்று அலையில் நிறுத்துவது கொடுமை. வீட்டார் அவருக்குரிய எல்லா வேலைகளையும் தாமே செய்து அவரை உள்ளேயே வைத்துக் காப்பதும், அன்பினாலேயாயினும், நோயை வளர்ப்பதே.

இம்முறையை வகுப்பது மருத்துவரின் பணி. ஆனால் அந்த மருத்துவர் நாள்தோறும் தெருவுக்கு வந்து நிற்க இயலாது. ஆயரும் சபை மூப்பரும் மாதர் சங்கத்தாரும் இயலும். ஆலயம் வரை வந்து, ஆராதனை முடியும்வரை வாசலோரம் அமர்ந்திருந்து சென்ற ஒருவரை, ஏன் உள்ளே வரவில்லை என்று கேளாமல், வந்தீர்களே என்று வரவேற்கும் சபை அப்பண்டுவத்தில் பங்குபெறுகிறது. மன்றாட்டும் இங்கு இடம்பெறும். அஞ்சியதை விலக்குவதற்கு மாற்றாக அன்று, எதிர்கொள்வதற்குத் துணையாக.

அஞ்சாதிருங்கள் என்னும் இறைமொழி திருமறையில் வரும் பல இடங்களில், நான் உன்னோடிருக்கிறேன் என்னும் வாக்குறுதியும் அதனோடு சேர்ந்தே வருகிறது. முதற்பகுதியை மட்டும் பிரசங்க பீடத்திலிருந்து கூறிவிட்டு இரண்டாம் பகுதியை மறந்துவிடும் உரிமை நமக்கில்லை. இவ்வாரம் நம் சபைப் பதிவேட்டைத் திறந்து, வராதவர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எண்ணி, இவர் எதை விலக்குகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக. ஓரிருவருக்கேனும் நாம் கொடுத்திருந்த தீர்ப்பை மாற்றிக்கொண்டு, அவர் வீட்டு வாசலுக்குச் செல்ல வேண்டியிருக்கும்.